பதினெட்டாம் வசனம்

முதல் பாட்டின் இரண்டாம் சரணம் தொடங்குவதற்குள் எமிமாளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குத் தன் தொண்டையிலிருந்து பாட்டு வராது என்று. உதடு மட்டும் அசைந்தது. ஆர்மோனியம் ஒரு பக்கம் இழுக்க, பாடகர் குழுப் பெண்கள் அதற்கு ஒரு படி மேலே இழுக்க, சபை முழுவதும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில், உள்ளங்கைக்குள் கசங்கிக் கிடந்த சீட்டைப் பெருவிரலால் தேய்த்தபடி நின்றாள். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சபைக்குரு ஜோயல் செல்வதாஸ் ஐயர் கொடுத்த சீட்டு. முதலாம் பாடம் நீங்கதான் வாசிக்கணும் என்று போன வாரமே சொல்லியிருந்தார். எந்த அதிகாரம் என்பதை இன்றைக்குத்தான் சொன்னார். ராஜாக்களின் முதலாம் ஆகமம், அதிகாரம் பதிமூன்று, வசனம் ஒன்று முதல் பத்து, பின்பு இருபத்தொன்று முதல் இருபத்தாறு. "பாடம் நீளமா இருக்குங்கம்மா, அதான் நடுவுல கொஞ்சம் விட்டிருக்கேன்" என்று சிரித்தார். நடுவில் கொஞ்சம். பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புத்தகத்தைத் திறக்காமலே தெரியும். நாலு வருஷமாக அந்தப் பத்து வசனத்துக்குள்தானே அவள் குடியிருக்கிறாள். அது தெரியாமல் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா? தெரியாமல்தான் இருக்கும். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகாத மனுஷன். யாரோ கேட்டுக்கொண்டபடி வெட்டியிருக்கிறார். யார் கேட்டிருப்பார் என்பதும் தெரியாத விஷயமா? அதோ, பீடத்துக்கு இடப்பக்கம், சிவப்பு மெத்தை போட்ட நாற்காலியில், வெள்ளை ஜிப்பாவும் வெள்ளைத் தாடியுமாகக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். பிரதர் எர்னஸ்ட். தீர்க்கதரிசன வரம் பெற்றவர் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தின் கடைசி நாள், இன்றைய பிரசங்கம் அவருடையது, தலைப்பு 'கீழ்ப்படியாமையின் சம்பளம்'.

பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள், அவளும் உட்கார்ந்தாள், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது. கீழ்ப்படியாமையாம். யாருடைய கீழ்ப்படியாமை? அந்தக் கதையில் யூதாவிலிருந்து ஒரு தேவமனுஷன் வருகிறான். பேர்கூட எழுதப்படாத ஆள். பெத்தேலுக்குப் போ, ராஜா கட்டின பொய்யான பலிபீடத்துக்கு எதிராகப் பேசு, பேசிவிட்டு அந்த ஊரில் அப்பம் தின்னாதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியே திரும்பாதே என்று கர்த்தர் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவனும் அப்படியே செய்கிறான். ராஜா கூப்பிட்டும் சாப்பிடப் போகவில்லை. உம்முடைய வீட்டில் பாதி தந்தாலும் வரமாட்டேன் என்கிறான். பத்தாம் வசனத்தோடு வேறு வழியாகப் புறப்பட்டுப் போகிறான். சீட்டு அங்கே நிற்கிறது. பிறகு இருபத்தொன்றில் திடீரென்று, நீ கர்த்தருடைய வாய்க்கு அடங்காமல் போனாய், உன் பிணம் உன் பிதாக்களின் கல்லறையில் சேராது என்று அவனிடம் சொல்லப்படுகிறது. இருபத்துநாலில் வழியில் ஒரு சிங்கம் அவனைக் கொன்றுபோடுகிறது. கேட்கிற சனம் என்ன நினைக்கும்? பாவி, எங்கேயோ போய்ச் சாப்பிட்டிருக்கிறான், செத்தான் என்று நினைக்கும். நடுவில் பெத்தேலில் ஒரு கிழவன் இருந்தானே? அவனும் தீர்க்கதரிசி. கழுதையில் சேணம் வைத்துக்கொண்டு தேடிப் போய், மரத்தடியில் களைத்து உட்கார்ந்திருந்தவனிடம், நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான், உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து சாப்பாடு போடச்சொல்லி ஒரு தேவதூதன் என்னிடம் சொன்னான் என்றானே? பதினெட்டாம் வசனத்தின் கடைசியில் வேதமே சொல்லுகிறதே, அவன் பொய் சொன்னான் என்று? பொய் சொன்ன கிழவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் வீட்டுக் கூரை இடியவில்லை, அவன் கழுதைக்குக்கூடக் கால் நோகவில்லை. நம்பினவனைத்தான் சிங்கம் கொன்றது. இதை வாசிக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குழியில் கரி அடுப்பு மாதிரி ஒரு கனல் ஏறும். என்ன நியாயம் இது ஆண்டவரே, உம்முடைய சிங்கத்துக்கு வழி தெரியவில்லையா?

"தாழ்மையான மனதோடே நம்முடைய பாவங்களை அறிக்கையிடுவோம்" என்றார் ஐயர். சபை முழங்காலிட்டது. பெஞ்சுக்கு அடியில் முழங்கால் பலகை கிறீச்சிட்டது. எமிமாளின் வலது முட்டிக்குள் ஊசி குத்தினாற்போல வலித்தது. தாலுகா ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தொரு வருஷம் நின்றே வேலை பார்த்த முட்டி. ரத்தம் எடுத்து, குழாயில் விட்டு, உறைகிற நேரத்தை நொடிக்கணக்கில் பார்த்து எழுதின கை. அந்த எண்களில் ஒன்று மாதாமாதம் அவள் புருஷனுடையது. அருமைநாயகம், பஸ் மெக்கானிக். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்துவிட்டிருக்க, நாற்பத்தைந்தாம் வயதில் மதுரையில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். ரத்தம் அதில் உறைந்துவிடாமலிருக்க தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். வால்வு வைத்த பிறகு அந்த மனுஷனுடைய நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்து மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாயில் படுத்தால் அறை முழுக்கக் கேட்கும், டிக், டிக், டிக், கைக்கடிகாரத்தைத் தகர டப்பாவுக்குள் போட்டு மூடினது மாதிரி. "ஏட்டி, எஞ்சின் ஸ்லோவுல நிக்கிது பாரு, ஒரு அடி பிசகல" என்பார். அவளுக்கு முதலில் அந்தச் சத்தம் பயமாயிருந்தது, பிறகு அதுதான் தாலாட்டானது. ஒன்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் தூங்கினாள். ஒன்பது வருஷமும் அவள் எழுதின எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், குறைத்தார். அவர் உயிர் அவள் கையெழுத்தில் இருந்தது. அப்படி இருந்த வீட்டுக்குள் நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வெள்ளைத் தாடி வந்தது.

வந்தது யார் கூப்பிட்டு? அதைச் சொல்லு எமிமாள், முழங்காலில் நிற்கிறாய், அதையும் சொல்லு. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று சபை ஒரே குரலில் முனகிக்கொண்டிருக்கிறது. நீதான் கூப்பிட்டாய். பக்கத்து ஊர் ஜெபக்கூட்டத்துக்கு அவரை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனது நீ, முன் வரிசையில் உட்காரவைத்தது நீ. பெத்தேல் கிழவனுடைய கழுதைக்குச் சேணம் வைத்துக் கொடுத்தவர்கள் அவன் பிள்ளைகள், இந்தக் கழுதைக்குச் சேணம் வைத்தது நீ. பிரதர் எர்னஸ்ட் கூட்டத்தில் இறங்கி வந்து அருமைநாயகத்தின் நெஞ்சில் கையை வைத்தார். அந்தச் சத்தம் அவர் கைக்குக் கேட்டிருக்கும். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு, "கர்த்தர் சொல்லுகிறார், இந்த மகனுடைய இருதயத்திலிருக்கிற இரும்பை எடுத்துப்போட்டு, சதையான இருதயத்தைக் கொடுக்கிறேன், இனி உனக்கு மருந்து தேவையில்லை" என்றார். சனம் அல்லேலூயா என்றது. அருமைநாயகம் அழுதார். ஒரு நாளும் அழாத மனுஷன், இன்ஜின் ஆயிலும் டீசலும் மணக்கிற கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாள் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "ஏங்க, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விடலாமே?" என்றாள். "நீ லேபுல பாத்தது ரத்தம். அவர் பாத்தது இருதயம்" என்றார். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. முடியவில்லையா, பேசவில்லையா? ஒரு பாதி அவளும் நம்பினாள். அதுதான் உண்மை. முப்பத்தொரு வருஷம் நொடி பார்த்த புத்தி ஒரு பக்கம் நின்று கத்தியது, மற்றப் பாதி, ஆண்டவருக்கு எது முடியாது என்றது.

பன்னிரண்டாம் நாள் சத்தம் மந்தமானது. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். இல்லை. டிக் இல்லை. தகர டப்பாவுக்குள் பஞ்சை அடைத்தது மாதிரி, எங்கேயோ ஆழத்தில் ஒரு மெத்தென்ற அசைவு மட்டும். அருமைநாயகம் எழுந்து உட்கார்ந்தார், கண்ணெல்லாம் வெளிச்சம், "எமி, இரும்பு போயிட்டு! சதையாயிட்டுடி!" என்றார். அவள் கைதட்டினாள். கைதட்டினாளே! வால்வில் ரத்தம் உறைந்தால் முதலில் சத்தம்தான் அடங்கும் என்று லேபில் எத்தனை தரம் கேட்டிருக்கிறாள், எத்தனை டாக்டர்கள் அவள் முன்னாலேயே அதைப் பேசியிருக்கிறார்கள், அன்றைக்கு அவள் அந்த அமைதியை அற்புதம் என்று நினைத்துக் கைதட்டினாள். அரை நாள்தான். சாயங்காலம் அவர் படி ஏறும்போது மூச்சு வாங்கியதைப் பார்த்தாள். பதினாலாம் நாள் காலை அலமாரிமேலிருந்து டப்பாவை எடுத்து ஒரே ஒரு மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கிக் கொடுத்தாள். அவருக்குத் தெரியாது. பதினாறாம் நாள் பட்டறையில், ஒரு பஸ்ஸின் அடியில் படுத்தபடியே போய்விட்டார். ஸ்பானர் கையில் இருந்தது.

முழங்காலிலிருந்து எழும்போது முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள், மரம் குளிர்ந்திருந்தது. சங்கீதம் தொடங்கியது, ஐயர் ஒரு வரி, சபை ஒரு வரி. அடுத்தது பாடம். அடுத்தது அவள். பிரதர் எர்னஸ்ட் கண்ணைத் திறந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், அவள்மேல் பார்வை வந்தது, நிற்காமல் கடந்து போனது. ஞாபகமில்லை அவருக்கு. எத்தனையோ வீடு, எத்தனையோ நெஞ்சு. அடக்கத்துக்கு வந்தாரே, அது ஞாபகம் இருக்குமா? பெட்டியின்மேல் விழுந்து, "ஐயோ, என் சகோதரனே, என் சகோதரனே" என்று அவர் கதறின கதறலில் ஊரே உருகியது. பெத்தேல் கிழவனும் அப்படித்தான் செய்தான், தான் ஏமாற்றிக் கொன்றவனைத் தூக்கிக் கழுதைமேல் போட்டுக்கொண்டு வந்து, தன் சொந்தக் கல்லறையிலேயே வைத்து, ஐயோ என் சகோதரனே என்று புலம்பினான். அந்தப் புலம்பல் நிஜமாகக்கூட இருந்திருக்கலாம். அதுதான் இன்னும் அருவருப்பு. அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பைத்தியக்காரி, அவரிடமே சொன்னாள், ஒரு மாத்திரை கஞ்சியில் கலக்கிக் கொடுத்தேன் பிரதர் என்று. பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவர் தாடியை நீவினார். பிறகு மெதுவாக, வாஞ்சையாக, அவள் தலையில் கையை வைத்துச் சொன்னார்: "அங்கதாம்மா விசுவாசத்துல ஓட்டை விழுந்துட்டு. கர்த்தர் கட்டின சுவர்ல ஒரு கல்லைப் புடுங்கிட்டிய." ஒரு மாத்திரை. பதினாறு நாள் மாத்திரை நிறுத்தினது கொல்லவில்லையாம், கொடுத்த ஒரு மாத்திரை கொன்றதாம். அடுத்த ஒரு வருஷம் அவள் அதை நம்பினாள். ரத்தத்தின் கணக்கு முழுவதும் தெரிந்தவள், எந்த மூளையும் ஒத்துக்கொள்ளாத அதை நம்பினாள், காலையில் எழுந்ததும் முதல் நினைப்பாக அந்தக் கஞ்சிக் கிண்ணம்தான் வரும். பொய்யில் இத்தனை வகையா? முதல் பொய் ஆளைக் கொல்லும். இரண்டாவது பொய் உயிரோடு இருக்கிறவளைத் தின்னும். பெத்தேல் கிழவனும் இரண்டாவதைச் செய்தானே, தான் கொடுத்த சாப்பாட்டை அவன் தின்றுகொண்டிருக்கும்போதே, தன் வாயாலேயே, நீ கீழ்ப்படியவில்லை என்று அவனையே குற்றவாளியாக்கினானே!

இதைக் கேட்கத்தான் அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேதக்கல்லூரியில் எபிரெயம் சொல்லிக்கொடுக்கிற ஒருவரிடம் போனாள். கிளமென்ட் ஞானசிகாமணி என்று பேர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், மேஜையெல்லாம் புத்தகம். பெரிய விளக்கம் ஏதாவது வைத்திருப்பார் என்று நினைத்தாள். அவர் மூன்று நாலு விளக்கம் சொன்னார்: நேரடியாகக் கேட்ட வார்த்தையை விட்டு இன்னொருவன் வாய்வழியாக வந்ததை நம்பியது அவன் பிழை, கிழவனுக்குத் தான் செய்தது பிறகு உறைத்திருக்கலாம், பெத்தேலின் கள்ள பக்திக்கு இது ஒரு அடையாளம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "உண்மையச் சொல்லணும்னா, எனக்கும் இது தொண்டையில நிக்கிற முள்ளுதாம்மா. விளங்கிட்டுன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவள் அவரை மதித்தாள். பிறகு எபிரெயப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார், அவளுக்கு அந்த எழுத்து தெரியாது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "இதுதான் அந்த எடம். ரெண்டே வார்த்தை. முன்னால பின்னால ஒட்டுச் சொல்லு ஒண்ணும் கெடையாது. கதை ஓடிக்கிட்டே இருக்கு, திடீர்னு யாரோ குறுக்க வந்து, அவனிடம் பொய் சொன்னான்னு சொல்லிட்டுப் போற மாதிரி" என்றார். அன்றைக்கு அது அவளுக்கு ஆறுதலாகப் படவில்லை. ரெண்டு வார்த்தைதானா? ஒரு இடி விழுந்திருக்கக்கூடாதா? பிறகு இன்னொன்றும் சொன்னார். பல தலைமுறைக்குப் பிறகு வந்த ஒரு ராஜா அந்த ஊர்க் கல்லறைகளைத் தோண்டி எலும்பையெல்லாம் எரித்தபோது, தேவமனுஷனுடைய எலும்பு கிடந்த கல்லறையை மட்டும் விட்டுவிட்டானாம், அந்தக் கிழவன் அதே குழியில் தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்ததால் பொய்யனுடைய எலும்பும் தப்பித்துக்கொண்டதாம். செத்தும், தான் ஏமாற்றினவனுடைய நிழலிலேயே ஒதுங்கிக்கொண்டான்!

சங்கீதம் பாதி தாண்டியிருந்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம், மூன்றாவது பெஞ்சில், ரூபவதி. அவள் மடியில் சாய்ந்து மகள் பெர்சிஸ், பதினோரு வயது, இரட்டைச் சடை, நீல ரிப்பன். எமிமாள் இன்றைக்குக் காலையிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள். ஐந்து வயதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வலிப்பு. மாத்திரை போட்டு இரண்டு வருஷமாக ஒரு தரம்கூட வரவில்லை. கூட்டத்துக்கு முந்தின வாரம் பிரதர் எர்னஸ்ட் வீடுவீடாக ஜெபிக்க வந்தபோது அந்தப் பிள்ளையின் நெற்றியில் எண்ணெய் தடவி, "கட்டு அறுந்தது, இனி மருந்து வேண்டாம் என்கிறார் கர்த்தர்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கு ஒன்பதாம் நாள். கேள்விப்பட்ட அன்றைக்கே எமிமாள் ஓடினாள், ரூபவதி வாசலிலேயே நிறுத்தினாள். "எக்கா, ஒங்க வேதனை எனக்குத் தெரியும். ஆனா அவிசுவாசத்த எங்க வீட்டுக்குள்ள கொண்டுவராதிய. அண்ணாச்சிக்கு நடந்ததுக்குக் காரணம் என்னன்னு பிரதர் எங்ககிட்டயும் சொன்னாவ." அப்படியானால் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். கஞ்சிக் கிண்ணம் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. அன்றைக்கு அவள் வெட்கத்தோடு திரும்பி வந்தாள். வெட்கம் அவளுக்கு! அவருக்கில்லை. சிவப்பு மெத்தையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இல்லை. இதோ இப்போது பெர்சிஸின் இடது கண்ணிமை துடிக்கிறது. நிற்கிறது. துடிக்கிறது. தூக்கமாக இருக்கலாம். ஆண்டவரே, தூக்கமாக இருக்கட்டும். பிள்ளையின் வாய் ஒருகணம் மீன் மாதிரிக் குதப்பிவிட்டு நின்றது, பார்வை சுவரில் எங்கோ குத்திட்டு நின்று மறுபடி வந்தது. ரூபவதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மகளின் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் மூடுகிற மாதிரி இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுடைய உதடும் பாடவில்லை, உதடு வெளிறியிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக் கேட்டவளுடைய முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான் எமிமாளுக்கு அந்த இரண்டு வார்த்தை வேறுவிதமாகக் கேட்டது. நாலு வருஷமாக அவள் கர்த்தரிடம் கேட்டதெல்லாம், அவனை ஏன் கொல்லவில்லை, அவனை ஏன் கொல்லவில்லை என்றுதான். சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினவனைப் பார்க்கவில்லை. யாரோ ஒருவன் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதினானே, அவன் அந்த இரண்டு வார்த்தையை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? தேவதூதன் வந்ததாகவே எல்லாரும் நம்பியிருப்பார்கள். கிழவன் நல்ல தீர்க்கதரிசி, செத்தவன் அடங்காதவன், முடிந்தது கதை. அவன் விடவில்லை. தண்டனை எழுத அவன் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம், கிழவன் ஊரில் பெரிய ஆளாகவே செத்திருக்கலாம், ஆனாலும் பொய்யைப் பொய் என்று எழுதி வைத்தான். ஏன் என்று விளங்கவில்லை, இன்னும் விளங்கவில்லை, சிங்கம் ஏன் அந்தப் பக்கம் போனது என்று அவள் சாகிறவரைக்கும் விளங்கப்போவதில்லை. ஆனால் நடந்தது என்ன என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்ததைச் சொல்லிவிட்டான். அவள் சொன்னாளா? நாலு வருஷத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், வாயைத் திறந்து, அவர் பொய் சொன்னார் என்று யாரிடமாவது சொன்னாளா? ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார் என்றாள், நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றாள். பிரதர் எர்னஸ்டுடைய பேர் அந்த வாக்கியங்களில் எங்கேயும் இல்லை. வேதத்தில் இருக்கிற அந்த இரண்டு வார்த்தையையும் இன்றைக்கு ஒரு சீட்டு வெட்டி எடுத்துவிட்டிருக்கிறது, அவள் வாயாலேயே வெட்டி வாசிக்கச் சொல்லுகிறது, அந்த வாயைப் பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள், ஆஸ்பத்திரி லேப் அம்மா தெளிவாக வாசிப்பாள் என்று. கனல் கழுத்துவரை ஏறி, காது மடலெல்லாம் சுட்டது.

"முதலாம் பாடம்" என்றார் ஐயர்.

அவள் எழுந்து நடந்தாள். பீடத்துக்கு முன்னால் தலைகுனிந்துவிட்டு, வேதம் வாசிக்கிற மேசைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். சீட்டைப் பக்கத்தில் வைக்கவில்லை. அதிகாரத்தைச் சொன்னாள், வசனத்தைச் சொல்லவில்லை. முதல் வசனத்திலிருந்து நிதானமாக, லேபில் எண்களை உரக்கப் படித்துக் காட்டுகிற குரலில் வாசித்தாள். பத்து வந்தது. பதினொன்றை வாசித்தாள். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு, பதின்மூன்று, கழுதைக்குச் சேணம் வைத்தது, மரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தது. ஐயர் ஒரு தரம் தொண்டையைச் செருமினார். அவள் நிறுத்தவில்லை. சிவப்பு மெத்தை நாற்காலி கிறீச்சென்றது, வெள்ளைத் தாடி அவள் பக்கம் திரும்பியது, அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினெட்டு. நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான் என்று அவன் சொன்னதை வாசித்தாள், தூதன் சொன்னதாக அவன் சொன்னதை வாசித்தாள். பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, புத்தகத்தைப் பார்க்காமல், மூன்றாவது பெஞ்சைப் பார்த்து அதன் கடைசியைச் சொன்னாள். அவனிடத்தில் பொய் சொன்னான். யாரோ ஒரு குழந்தை செருமியது. அவள் மீதி வசனங்களையும் விடாமல் வாசித்தாள், சாப்பாட்டை, சிங்கத்தை, கழுதைமேல் ஏற்றின பிணத்தை, ஐயோ என் சகோதரனே என்ற புலம்பலை, எல்லாவற்றையும். "இத்துடன் முதலாம் பாடம் முடிகிறது" என்று புத்தகத்தை மூடினாள்.

தன் பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இரண்டாம் பாடத்துக்கு ஒருவர் மேலே போய்க்கொண்டிருந்தார். ஐயர் அவளைப் பார்க்கவில்லை, பிரதர் எர்னஸ்ட் பார்த்துக்கொண்டே இருந்தார், இப்போது ஞாபகம் வந்திருக்கும். வரட்டும். பக்கத்தில் சேலை உரசியது. ரூபவதி, மகளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தபடி, குனிந்து நடந்து வந்து அவளருகில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்கியதில் அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது.

"எக்கா. நேத்து சாயங்காலம் ஒண்ணு வந்துட்டு. யார்ட்டயும் சொல்லல. பிரதர் கேட்டதுக்கும் வரலன்னு சொன்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிசம் இருக்கும். மாத்திரை வீட்லதான் இருக்கு, தூரப் போடல. இப்பவே குடுத்துரட்டுமா? ஒம்பது நாளு விட்டுட்டேனேக்கா…"

"நாமளா ஒண்ணும் குடுக்க வேண்டாம். டாக்டர் சொல்லட்டும். எந்திரி."

"இப்பவா? பிரசங்கம் ஆரம்பிக்கப் போவுதே. எல்லாரும் பாப்பாவ."

"பாக்கட்டும்."

மூன்று பேரும் நடுவழியாகவே நடந்தார்கள், பக்கவழி இருந்தும். இரண்டாம் பாடம் வாசிக்கிறவர் ஒரு நொடி தடுமாறிவிட்டுத் தொடர்ந்தார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள நேரம் பிடித்தது. வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. கோவில் சுவரோரம் நின்ற ஆட்டோவை எமிமாள் கைகாட்டி அழைத்து, பெரியாஸ்பத்திரி என்றாள். பெர்சிஸ் நடுவில் உட்கார்ந்தாள். ஆட்டோ முக்கு திரும்பியது. பிள்ளை எமிமாளின் முழங்கையைத் தொட்டாள்.

"அத்தை, நான் சரியா நம்பலையா? அதான் திரும்ப வந்துட்டா?"

ரூபவதி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எமிமாள் அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"நீ சரியாத்தான் நம்பின, தாயி" என்றாள். "ஒன்கிட்ட சொன்னதுதான் பொய்யி."